கடுகுக்கு ஒரு வீடு

அந்த நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த முதல் நாளே மூன்று காரியங்களைச் செய்து முடித்தது. பாட்டியின் செருப்பில் ஒன்றைக் கடித்துக் குதறியது. சமையலறைக் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தது. பன்னிரண்டு வயதான கிழநாய் ராஜா படுத்திருந்த பாயில் ஏறி, அதன் காதைப் பிடித்து இழுத்து விளையாட அழைத்தது. இவ்வளவையும் செய்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல, நீண்ட காதுகள் தரையில் புரளக் கூடத்தின் நடுவில் படுத்துத் தூங்கிவிட்டது.

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சும்மாவா சொன்னார்கள்!" என்றார் பாட்டி, அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி. அன்றுமுதல் அதற்குக் கடுகு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கடுகுக்கு அப்போது நான்கு மாதம். பீகள் என்னும் வேட்டைநாய் இனமும் உள்ளூர் நாயினமும் கலந்த குட்டி அது. அம்மாவுடன் வேலை செய்யும் ஒருவர், உறவினர் கொடுத்தார் என்று ஆசையாக வாங்கி, தமது அடுக்குமாடி வீட்டில் வளர்க்கத் தொடங்கியிருந்தார். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் ஒரு வீட்டுக்கு ஒரு நாயைத்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களுள் ஒன்றாக இருக்கவேண்டும். பீகள் அந்தப் பட்டியலில் இல்லை. இந்த விதி அவருக்குத் தெரியவந்தபோது, குட்டியும் அவருடைய பிள்ளைகளும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருந்தனர்.

"முதலிலேயே விசாரித்திருக்கவேண்டும்," என்று அவர் கண்கலங்கியபோது அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. "இரண்டு மாதத்திற்கு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அதற்குள் பொருத்தமான வீடு ஒன்றைத் தேடிவிடலாம்," என்று சொல்லிக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

சிராங்கூன் கார்டனில் தாத்தா அந்தக் காலத்தில் வாங்கிய தரைவீடு அவர்களுடையது. அம்மா, பாட்டி, உயர்நிலை மூன்றில் படிக்கும் பேத்தி என்று மூன்றே பேர். ராஜாவையும் சேர்த்தால் நால்வர். கடுகைக் காலையிலும் மாலையிலும் வெளியே அழைத்துச் செல்வது பேத்தியின் பொறுப்பாயிற்று. பொறுப்பு என்று அவள் நினைக்கவே இல்லை. பள்ளிப் பையை வைத்த மறுநிமிடமே கழுத்துப்பட்டையில் வாரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

ஆனால், யார் யாரை அழைத்துச் செல்கிறார்கள் என்பதில்தான் ஐயம். கடுகின் மூக்கு எங்கே போகிறதோ, அங்கேதான் அவளும் போகவேண்டியிருந்தது. கால்வாய் ஓரம், அங்காடிக் கடையின் பின்புறம், யாரோ நேற்று கோழிச்சோறு சிந்திய இடம் என்று ஒவ்வொன்றையும் அது முகர்ந்து முகர்ந்து ஆராயும். ஒரு வாசனையைப் பிடித்துவிட்டால், பெயர் சொல்லி அழைத்தாலும் அதன் காதில் விழாது. அதைப் பிடிவாதம் என்று பேத்தி முதலில் நினைத்தாள். கால்நடை மருத்துவர்தான் அவளுக்கு உண்மையை விளக்கினார்.

மனித மூக்கில் வாசனையை உணரும் உயிரணுக்கள் ஏறத்தாழ 50 இலட்சம் இருக்கின்றன. பீகள் போன்ற நாயின் மூக்கிலோ அவை 20 கோடிக்கும் அதிகம். இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கென்றே பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்ட இனம் அது. கூட்டமாக ஓடி, மணிக்கணக்கில் தடத்தை விடாமல் தொடரும். பின்னால் நடந்துவரும் வேட்டைக்காரருக்கு வழி தெரியவேண்டும் என்பதற்காக உரக்கக் குரல் கொடுத்துக்கொண்டே ஓடும். சளைக்காத கால், வாசனையை விடாத மூக்கு, தெருமுனைவரை கேட்கும் குரல் என்ற இந்த மூன்றுக்காகவே மனிதர்கள் அதைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். அதே மூக்கைத்தான் இன்று வேறு வேலைக்கும் பயன்படுத்துகிறார்கள். பயணிகளின் பெட்டிகளுக்குள் இருக்கும் பழங்களையும் இறைச்சியையும் கண்டுபிடிக்க, அமெரிக்க விமான நிலையங்களில் 1984ஆம் ஆண்டு முதல் பீகள் நாய்கள் பணியாற்றுகின்றன.

"அதற்கு வேலை வேண்டும். வேலை கொடுக்காவிட்டால் தானாகவே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். அந்த வேலை உங்களுக்குப் பிடிக்காது," என்று மருத்துவர் சிரித்தார். சோபாவின் மூலையில் புதிதாக விழுந்திருந்த ஓட்டையைப் பேத்தி நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலையிலிருந்து பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி, அதன் மடிப்புகளுக்குள் உணவுத் துணுக்குகளை ஒளித்துவைத்துக் கடுகிடம் கொடுத்தாள். அது கால்மணி நேரம் மூக்கால் துழாவித் துழாவி ஒவ்வொன்றாக எடுத்தது. பிறகு, பத்து முறை தெருவைச் சுற்றி வந்ததுபோல் களைத்துப் படுத்தது. உடம்புக்கு மட்டுமன்றி மூக்குக்கும் மூளைக்கும் உழைப்பு தேவைப்படும் என்பதை அவள் அன்று கற்றுக்கொண்டாள்.

நாளுக்கு நாள் பேத்தியின் மனத்தில் ஓர் ஆசை வளர்ந்தது. தனியார் வீடுகளில் மூன்று நாய்கள்வரை வளர்க்கலாமே. கடுகை ஏன் வேறு வீட்டுக்கு அனுப்பவேண்டும்?

அந்தக் கேள்விக்கு அவள் வாய்விட்டுக் கேட்கும் முன்பே பதில் கிடைத்துவிட்டது. ஒருநாள் காலை, அஞ்சல்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுக் கடுகு வாசலுக்குப் பாய்ந்தது. பூசையறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த பாட்டியின் கால்களுக்கிடையே அது புகுந்து ஓட, பாட்டி தடுமாறிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். முந்தைய ஆண்டுதான் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அடிபடவில்லை. ஆனால், அவர் கையிலிருந்த விபூதிக் கிண்ணம் விழுந்து உடைந்தது. அவருடைய கை வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

ராஜாவும் மாறிப்போயிருந்தது. இடுப்பு வலியால் மெதுவாக நடக்கும் அந்தக் கிழநாய், இப்போது பகல் முழுவதும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டது. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தன்னுடையதாக இருந்த கூடத்தை அது கடுகுக்கு விட்டுக்கொடுத்துவிட்டது.

"அம்மா, நம் வீடு கடுகுக்குப் பொருத்தமான வீடு இல்லையா?" என்று அன்றிரவு பேத்தி கேட்டாள்.

"பிரியம் நிறைய இருக்கிற வீடுதான். ஆனால், பாட்டியும் ராஜாவும் இந்த வயதில் பயந்து பயந்து நடக்கவேண்டியிருக்கிறது. நாள் முழுவதும் ஓடவேண்டிய கடுகை நாம் சமையலறைத் தடுப்புக்குள் அடைத்துவைக்கிறோம். இதில் யாருக்கு நிம்மதி, சொல்," என்றார் அம்மா.

அவளால் பதில் சொல்ல முடியவில்லை.

வீடு தேடும் வேலை தொடங்கியது. அறிவிப்பில் எழுதவேண்டியவற்றை அம்மாவும் மகளும் உட்கார்ந்து பட்டியலிட்டனர். வயது, எடை, போட்ட தடுப்பூசிகள், நுண்சில்லு பொருத்தப்பட்ட விவரம் ஆகியவற்றை முதலில் எழுதினர். பிறகு குணங்களை எழுதினர். எல்லாரிடமும் அன்பாகப் பழகும், பிள்ளைகளுடன் விளையாடும், நாளுக்கு இரண்டு மணி நேரமாவது நடக்கவேண்டும், வாசனையைப் பிடித்தால் அழைத்தாலும் வராது, வீட்டில் தனியாக விட்டால் ஊளையிடும், பொருள்களைக் கடிக்கும்.

அதை அழகாக எழுதிப் படம் ஒட்டி, கால்நடை மருத்துவமனையின் அறிவிப்புப் பலகையிலும் அம்மாவின் அலுவலகத்திலும் ஒட்டும் பொறுப்பைப் பேத்தி ஏற்றுக்கொண்டாள். எழுதும்போது அவள் கை கடைசி இரண்டு வரிகளில் தயங்கியது. ஊளையிடும், கடிக்கும் என்று படித்தால் யார்தான் வருவார்கள்? நல்ல வீடு கிடைத்துவிட்டால் இந்தப் பழக்கங்கள் தாமாகவே போய்விடும் அல்லவா? அந்த இரண்டு வரிகளையும் அவள் விட்டுவிட்டாள். அவற்றின் இடத்தில், "பார்த்தவுடன் மனத்தைக் கொள்ளைகொள்ளும் குட்டி" என்று எழுதினாள். அது பொய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அறிவிப்பைப் பார்த்துப் பலர் கேட்டார்கள். முதலில் வந்தவர்கள் ஓர் இளந்தம்பதியர். கடுகைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இறக்கவே மனம் இல்லாமல் இருந்தனர். ஆனால், அவர்கள் இருந்தது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில். மீண்டும் அதே சிக்கல். உள்ளூர்க் கலப்பின நாய்களை அத்தகைய வீடுகளில் வளர்ப்பதற்குத் தனித் திட்டம் ஒன்று இருப்பதையும், அதில் பங்கேற்கும் விலங்குநலக் குழுக்கள் வழியாகவே நாயைப் பெறமுடியும் என்பதையும் அம்மா எடுத்துச் சொன்னார். அவர்கள் வருத்தத்துடன் போனாலும், புதிய வழி ஒன்றைத் தெரிந்துகொண்டு போனார்கள்.

இரண்டாவதாக ஒரு வணிகர் வந்தார். அவருடைய வீட்டைப் பார்க்க அம்மாவும் பேத்தியும் சென்றனர். அகன்ற புல்வெளியும் உயர்ந்த மதிலும் கொண்ட வீடு. பேத்தியின் கண்கள் விரிந்தன. இங்கே கடுகு எவ்வளவு ஓடலாம்! ஆனால், அவர் வாசல் தூணைக் காட்டி, "இங்கேதான் கட்டிப்போடப் போகிறேன். திருடன் கிட்டே வரமாட்டான்," என்றார். பீகள் காவலுக்கு ஏற்ற இனம் அன்று. முன்பின் தெரியாதவரைக் கண்டாலும் வாலை ஆட்டிக்கொண்டு வரவேற்கும். அம்மா பணிவாக மறுத்துவிட்டார். நடந்ததைக் கேட்ட பாட்டி ஒரே வரியில் முடித்தார்: "வீடு பெரிது, கயிறு சிறிது."

மூன்றாவதாக வந்த குடும்பத்தை எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. கணவன், மனைவி, பத்து வயது மகன். கொண்டோமினியத்தில் வீடு. அந்தப் பையன் கடுகுக்காக உண்டியல் பணத்தில் ஒரு பந்து வாங்கி வந்திருந்தான். அம்மா அவர்களுடைய வீட்டைப் போய்ப் பார்த்தார். கேட்கவேண்டியவற்றைக் கேட்டார். இரண்டு வாரம் வைத்துப் பார்த்து, ஒத்துவந்தால் உரிமத்தை அவர்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அறிவிப்பில் எல்லாம் எழுதியிருக்கிறது என்ற நம்பிக்கையில் அம்மா அதைத் திரும்பச் சொல்லவில்லை. பேத்தி அருகிலேயே இருந்தாள். அவளும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் மாலையில் அவர்களின் கார் வாசலில் வந்து நின்றது.

பெற்றோர் இருவரும் காலையில் வேலைக்குப் போய் மாலை ஏழு மணிக்குத்தான் திரும்புவார்கள். பையன் பள்ளி முடிந்து நேரே மாணவர் பராமரிப்பு நிலையத்துக்குப் போய்விடுவான். பத்து மணி நேரம் தனியாக இருந்த கடுகு, தன் முன்னோரின் குரலை எடுத்திருக்கிறது. அக்கம்பக்கத்தார் மூன்று முறை புகார் செய்துவிட்டனர். சாப்பாட்டு மேசையின் கால் ஒன்று பாதியாகத் தேய்ந்திருந்தது.

"நாங்கள் முயற்சி செய்தோம். அறிவிப்பில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே," என்றார் அந்தத் தாய். அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்பே அதிகமாக இருந்தது.

அந்தப் பையன் காரைவிட்டு இறங்கவில்லை. பின்னிருக்கையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் தோள்கள் குலுங்குவது கண்ணாடி வழியே தெரிந்தது. கார் கிளம்பும்போது கதவைத் திறந்து, அந்தப் பந்தை மட்டும் பேத்தியிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

அம்மா அறிவிப்பை வாங்கிப் படித்தார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பேத்திக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

"கடுகுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன், அம்மா."

"தெரியும். ஆனால், உன்னுடைய இரண்டு வரியால் இன்று ஒரு பையன் அழுதுகொண்டு போகிறான். கடுகும் இரண்டாவது முறையாக ஒரு வீட்டை இழந்திருக்கிறது. நாளைக்கு நீயே அவர்களுக்குத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொல்லவேண்டும்."

அன்றிரவு பேத்தி பாட்டியின் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள். "ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்துவை என்பார்களே, பாட்டி! நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இரண்டு வரியைத்தானே விட்டேன்," என்றாள். சிரிக்க முயன்றாள், முடியவில்லை.

பாட்டி தம் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே சொன்னார்: "எனக்கும் அந்தப் பழமொழி தெரியும், அம்மாடி. அப்படிச் செய்துவைத்த கல்யாணங்கள் பிறகு என்ன ஆயின என்பதற்கு யாரும் பழமொழி சொல்லி வைக்கவில்லை. குறையைச் சொன்னால் பத்துப் பேர் போய்விடுவார்கள், உண்மைதான். போகட்டும். அந்தக் குறையோடு வாழத் தெரிந்த ஒருவர் எங்கேயோ இருப்பார். அவர் உன்னைத் தேடி வரவேண்டுமானால், குறை என்ன என்று அவருக்குத் தெரியவேண்டாமா?"

மறுநாள் பேத்தி தொலைபேசியில் பேசினாள். மறுமுனையில் அந்தத் தாய் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சொன்னதற்கு நன்றி, அம்மா. எங்கள் மகன் தன்னால்தான் நாய் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நீ சொன்னதை அவனிடம் சொல்கிறேன்," என்றார். தொலைபேசியை வைத்தபோது பேத்தியின் உள்ளங்கை வியர்த்திருந்தது.

அன்றே அவள் புதிய அறிவிப்பு ஒன்றை எழுதினாள். இந்த முறை பட்டியலிலிருந்த எதையும் விடவில்லை. புதிதாகச் சிலவற்றைச் சேர்த்தாள்: "தனியாக விட்டால் ஊளையிடும். மேசைக்காலைக் கடிக்கும். பகலில் யாராவது வீட்டில் இருக்கவேண்டும். நாள்தோறும் நீண்ட தூரம் நடக்கக்கூடியவர்கள் மட்டும் கேட்கவும். வெளியே போகும்போது வாரைக் கழற்றவே கூடாது. வாசனையின் பின்னால் ஓடிவிடும். காவல் காக்காது. ஆனால், உங்களுக்கு ஒரு நல்ல துணையாக இருக்கும்."

பாட்டி சொன்னபடியே நடந்தது. கேட்டவர்கள் குறைந்துபோனார்கள். ஒரு வாரம் யாரும் வரவில்லை. இரண்டாம் வாரம் ஒருவர் அழைத்து, "இவ்வளவு தொல்லையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அம்மா சொன்ன இரண்டு மாதமும் முடிந்தது. கடுகு வளர்ந்துகொண்டே இருந்தது. ராஜா மேசைக்கு அடியிலேயே இருந்தது. பழைய அறிவிப்பே பரவாயில்லையோ என்றுகூடப் பேத்திக்கு ஒரு கணம் தோன்றியது.

ஒரு சனிக்கிழமை காலை, அறுபதைக் கடந்த ஒரு சீனப் பெரியவர் வாசலில் வந்து நின்றார். கையில் அந்த அறிவிப்பை ஒளிப்படம் எடுத்த கைத்தொலைபேசி. முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். சிலேத்தார் ஹில்ஸில் தம் தந்தை காலத்து ஒற்றை மாடி வரிசை வீட்டில் மனைவியோடு இருந்தார்.

பாட்டி அவரைப் பார்த்ததும், "சுடா மாக்கான்?" என்று மலாயில் கேட்டார். சாப்பிட்டாயிற்றா என்ற அந்த ஒரு கேள்வியில் இருவரும் பழகியவர்கள்போல் ஆகிவிட்டனர். பாட்டிக்கு ஆங்கிலம் வராது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால், அந்தக் காலத்துச் சந்தையில் எல்லா இனத்தவரும் பேசிய மலாய் இருவருக்கும் நன்றாகவே தெரிந்திருந்தது.

"இந்த அறிவிப்பை எழுதியது யார்?" என்று கேட்டார் பெரியவர்.

பேத்தி தயங்கி, "நான்தான், அங்கிள்," என்றாள்.

"மற்ற அறிவிப்புகளை எல்லாம் படித்தேன். எல்லா நாயும் சமர்த்து, எல்லா நாயும் அழகு. குறையை எழுதியிருந்தது இதில் மட்டும்தான். அதனால்தான் வந்தேன்."

அவருக்கு நீரிழிவு நோய். நாள்தோறும் நடக்கவேண்டும் என்று மருத்துவர் பல முறை சொல்லிவிட்டார். பேருந்தில் உட்கார்ந்தே பழகிய உடம்பு. ஒருநாள் நடந்தால் மூன்று நாள் சாக்குச் சொல்லும். "என்னை இழுத்துக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும். நீண்ட தூரம் நடக்கவேண்டும், நடக்காவிட்டால் விடாது என்று எழுதியிருக்கிறாயே, எனக்குத் தேவை அதுதான்," என்று சிரித்தார். அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். பகல் முழுவதும் வீட்டில் ஆள் இருக்கும்.

பேத்தி வியப்புடன் அவரைப் பார்த்தாள். எந்தக் குறையை எழுதப் பயந்தாளோ, அதையே ஒருவர் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஆனால், இந்த முறை யாரும் அவசரப்படவில்லை. பெரியவரே அதை விரும்பவில்லை. அன்று அவர் கடுகைத் தொடக்கூட இல்லை. தரையில் உட்கார்ந்து, அதுவே முகர்ந்து பார்த்துக்கொண்டு வரட்டும் என்று காத்திருந்தார். அவர் கேட்ட கேள்விகள் ஏராளம். இடியோசைக்குப் பயப்படுமா? எந்த நேரத்தில் ஊளையிடுகிறது? வாந்தி எடுத்ததுண்டா? பேத்தி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள்.

அடுத்த வாரம் மனைவியோடு வந்தார். அதற்கடுத்த வாரம், அம்மாவும் பேத்தியும் கடுகை அவர் வீட்டுக்கு அழைத்துச் சென்றனர். அம்மா வாசல் கம்பிக் கதவின் இடைவெளியைச் சுட்டிக்காட்டினார். குட்டி அதில் நுழைந்து வெளியே போய்விடக்கூடும். அடுத்த முறை போனபோது அங்கே வலை அடிக்கப்பட்டிருந்தது. ஊசிகளும் நூல்கண்டுகளும் இருந்த தையல் மேசையைச் சுற்றி ஒரு தடுப்பும் வந்திருந்தது. பேத்தி தன் துண்டு விளையாட்டை அந்த அம்மையாருக்குக் கற்றுக்கொடுத்தாள். அவரோ வெட்டியெறிந்த துணித் துண்டுகளைக் கொண்டு அதைவிடச் சிறப்பான ஒன்றைத் தைத்துக் காட்டினார்.

இரண்டு வாரச் சோதனைக் காலம் முடிந்தது. புகார் எதுவும் வரவில்லை. ஒரு தலையணை மட்டும் கிழிந்தது என்று பெரியவர் தாமாகவே அழைத்துச் சொன்னார். குறையை மறைக்காத பழக்கம் இருபுறமும் வந்துவிட்டது. தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்கு மருத்துவச் சேவையிடம் தெரிவித்து, கடுகின் உரிமம் அவர் பெயருக்கு மாற்றப்பட்டது. உரிய வயதில் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுவதாகவும் அவர் ஒப்புக்கொண்டார்.

அன்று மாலை வீட்டில் பேத்தி வாரை எடுக்கப் பழக்கத்தில் கையை நீட்டினாள். ஆணியில் வார் இல்லை. கூடம் பெரிதாகத் தெரிந்தது. சற்று நேரம் கழித்து, சாப்பாட்டு மேசைக்கு அடியிலிருந்து ராஜா மெல்ல எழுந்து வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு, தன் பழைய பாயில் கால்களை நீட்டிப் படுத்து ஒரு பெருமூச்சு விட்டது. பேத்தி அதன் அருகில் உட்கார்ந்து காதைத் தடவிக்கொடுத்தாள். அவள் அழுதாள். பாட்டி அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல் பூசையறைக்குப் போனார். கதவு நிலையைப் பிடிக்காமலேயே நடந்து போனார்.

ஒரு மாதம் கழித்து, பெரியவரின் அழைப்பின்பேரில் பேத்தி அங்கே போனாள். வழி நெடுக அவளுக்கு ஒரே கவலை: கடுகு தன்னை மறந்திருக்குமோ? வாசலில் கால் வைத்ததுமே அது பாய்ந்து வந்தது. அவள் கையையும் காலணியையும் பையையும் முகர்ந்தது. வால் உடம்பையே ஆட்டியது. ராஜாவின் வாசனையையும் பாட்டியின் தைல வாசனையையும் அது அவளிடம் தேடிக் கண்டுபிடித்திருக்கவேண்டும்.

அவள் அதைக் கட்டிக்கொள்ளக் குனிந்தாள். அந்த நேரத்தில் வீட்டின் உள்ளே வாரின் கொக்கி மெல்லிய ஒலியெழுப்பியது. கடுகின் காதுகள் நிமிர்ந்தன. அவள் கையிலிருந்து நழுவி, அது பெரியவரிடம் ஓடிப்போய் அவர் காலடியில் நின்றது; அவர் முகத்தையே பார்த்தது.

"மணி ஐந்தரை ஆகிவிட்டால் எங்களை விடமாட்டான்," என்றார் அவர், கால்சட்டையின் இடுப்புப் பட்டையைப் பிடித்துக் காட்டி. ஒரு துளை உள்ளே போயிருந்தது. "நீயும் வருகிறாயா?"

அவள் நெஞ்சில் ஏதோ ஒன்று சுருக்கென்றது. அடுத்த கணமே அது ஆறியது. கடுகு தனக்கு உரியவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அப்படித் தேர்ந்தெடுக்க ஒரு வீடு கிடைக்கவேண்டும் என்பதற்காகத்தானே இத்தனை நாள் அலைந்தார்கள்!

மூவரும் பூங்கா இணைப்புப் பாதையில் நடந்தார்கள். கடுகு முன்னே இழுத்துக்கொண்டு போனது. அதன் மூக்கு தரையைவிட்டு எழவே இல்லை.